நிஜ அணியின் ஆட்டத்தை ஃபுட்பால் மேனேஜரில் அமைப்பது எப்படி: லெஸ்டர் 2015-16ஐ வைத்து ஒரு வழிகாட்டி

பேராக்கில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், கால்பந்துக் கிளப்பை நிர்வகிக்கும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜரை ஆடும் தம்பிகள் பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, லெஸ்டர் மாதிரியே 4-4-2 போட்டேன், ஆளையும் அப்படியே நிறுத்தினேன். ஆனா அந்த மாதிரி ஆட மாட்டேங்குதே, ஏன்?" 4-4-2 என்பது பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர் நிற்கும் அமைப்பு. வாய் வார்த்தையாகப் பதில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கிறது. அதனால் முழுவதையும் வரிசையாக எழுதிவிட்டேன்.

இதைக் கற்றுக்கொள்ள நான் நிறையச் சிரமப்பட்டேன். ஆங்கிலத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் வேகமான இணையமும் புதுக் கணினியும் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. தோட்டத்து லயத்து வீட்டில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி, அண்ணன் படித்த காலத்து மடிக்கணினியில் ஆடுகிறவருக்கு அவை பாதிதான் உதவும். விளையாட்டுக்குத் தமிழ் முகப்பும் கிடையாது. ஆகவே திரையில் வரும் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒலியை வைத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு இங்கிலாந்துக் கிளப்பான லெஸ்டர் சிட்டியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஆட்டத்தைப் பெரிய பணம் இல்லாத கிளப்பிலும் அமைக்கலாம். பார்சலோனாவைப் போல ஆட பார்சலோனா ஆட்டக்காரர்கள் வேண்டும். லெஸ்டரைப் போல ஆட வேகமும் உழைப்பும் உள்ள ஆட்கள் போதும்.

1. பதிப்பும் செலவும்

காசு கொடுப்பதற்கு முன் எபிக் கேம்ஸ் என்ற இணைய விளையாட்டுக் கடையில் உள்ள உங்கள் கணக்கைத் திறந்து பாருங்கள். 2024 செப்டம்பரில் ஃபுட்பால் மேனேஜர் 2024 அங்கே ஒரு வாரம் இலவசமாகக் கிடைத்தது. அப்போது எடுத்து வைத்துவிட்டு மறந்தவர்கள் பலர். லைப்ரரியில் இருந்தால் உங்களுக்குச் செலவே இல்லை. இந்த வழிகாட்டிக்கு அந்தப் பதிப்பே போதும்.

2025 பதிப்பு வெளிவரவே இல்லை. தயாரிப்பாளர்களான ஸ்போர்ட்ஸ் இண்டராக்டிவ் 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். ஆகவே யாராவது "2025 பதிப்பு மலிவாக இருக்கு" என்றால் வாங்காதீர்கள். 2025 நவம்பரில் வந்தது 2026 பதிப்பு. அது புதிய மென்பொருள் தளத்தில் கட்டப்பட்டது. பழைய கணினி உள்ளவர்கள் கடைப் பக்கத்தின் கீழே இருக்கும் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலைப் படிக்காமல் அதை வாங்க வேண்டாம்.

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கினால் விலை ரிங்கிட்டிலேயே இருக்கும். வங்கி அட்டை இல்லாதவர்கள் ஸ்டீம் வாலட் கோடு (முன்கட்டணக் குறியீடு) வாங்கிப் பணம் ஏற்றலாம். ஆண்டின் நடுவிலும் டிசம்பரிலும் பெரிய தள்ளுபடி விற்பனை நடக்கும், அவசரம் இல்லாதவர்கள் அதுவரை பொறுக்கலாம். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தை அறிமுகப் பாடத்தில் கழிக்காதீர்கள். ஒரு கிளப்பை எடுத்து, நேராக ஓர் ஆட்டத்துக்குப் போய், உங்கள் கணினி திணறாமல் ஓட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

"ஷேர் அக்கவுண்ட்" என்று சில ரிங்கிட்டுக்கு இணையத்தில் விற்கிறார்கள். ஒரே கணக்கைப் பத்து இருபது பேருக்குக் கொடுப்பார்கள். கடவுச்சொல் மாறியதும் உங்கள் சேமிப்பு எல்லாம் போனதுதான். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ஒரு பருவம் முழுக்க ஆடிய பிறகு உள்ளே நுழைய முடியாமல் நின்றான். விற்றவர் பதில்கூடச் சொல்லவில்லை.

கணினியைப் பொறுத்தவரை 2024 பதிப்பு 4 ஜிபி ரேமிலும் திறக்கும், 7 ஜிபி இடம் வேண்டும். ஆனால் 4 ஜிபியில் ஆடுகிறவர் ஒரு நாட்டு லீகை மட்டும் ஏற்ற வேண்டும், ஆட்டக்காரர் தரவுத்தளத்தைச் சிறியதாக வைக்க வேண்டும். எட்டு நாட்டை ஏற்றிவிட்டு "ஸ்லோவா இருக்கு" என்று சொல்லிப் பயனில்லை. ஈப்போவுக்குப் போய்ப் பழைய மடிக்கணினி வாங்குவதாக இருந்தால், வரைபட அட்டையைவிட எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) இருக்கிறதா, ரேம் 8 ஜிபி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரசீது விஷயம் ஒன்று. வீட்டில் வருமான வரி கட்டுகிறவர் இருந்தால் கணினியை அவர் பெயரில் வாங்குங்கள். வாழ்க்கை முறைக்கான வரிக்கழிவு ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை உண்டு. கணினி, கைப்பேசி, புத்தகம், சொந்தப் பெயரில் உள்ள இணையச் சந்தா எல்லாம் அந்த ஒரே தொகைக்குள் அடங்கும். ரசீதைப் படமெடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள், கடைத்தாளில் மை சீக்கிரம் அழிந்துவிடும்.

பதிவிறக்கத்தை ஊருக்குள் நல்ல இணையம் உள்ள நண்பர் வீட்டில் முடித்துவிடுங்கள். பிறகு ஸ்டீமை ஆஃப்லைன் நிலைக்கு மாற்றிவிட்டால் தோட்டத்தில் இணையம் இல்லாமலேயே ஆடலாம். கணினியே இல்லாதவர்களுக்குக் கைப்பேசிப் பதிப்பு நெட்ஃபிளிக்ஸ் சந்தாவோடு கிடைக்கிறது. ஆனால் அதில் ஆட்ட அமைப்பு மிகவும் சுருக்கம். கீழே சொல்வதில் பாதியை அதில் செய்ய முடியாது.

2. அணியோடு காலத்தையும் தேர்ந்தெடுங்கள்

"லெஸ்டர்" என்று சொன்னால் போதாது, எந்த மாத லெஸ்டர்? 2015-16 பருவத்தில் அவர்கள் 81 புள்ளிகளோடு பிரீமியர் லீகை வென்றார்கள். 38 ஆட்டத்தில் 23 வெற்றி, 12 சமநிலை, 3 தோல்வி. ஆனால் முதல் 19 ஆட்டத்தில் 25 கோல் வாங்கிய அணி, அடுத்த 19 ஆட்டத்தில் வாங்கியது 11 மட்டுமே. இரண்டும் ஒரே ஆட்டம் இல்லை.

2015 செப்டம்பர் 26ஆம் தேதி ஆர்சனலிடம் 2-5 என்று தோற்ற பிறகு பயிற்றுநர் ரனியேரி இரண்டு பக்கத் தடுப்பாளர்களையும் மாற்றினார். சிம்ப்சனும் ஃபுக்சும் வந்தார்கள். அதிலிருந்து பின்வரிசை மெல்ல இறுகியது. 2016 மார்ச் தொடங்கி ஏப்ரல் 3 வரை வாட்ஃபோர்டு, நியூகாசல், கிறிஸ்டல் பேலஸ், சவுத்தாம்டன் என்று அடுத்தடுத்து நான்கு ஆட்டங்களை 1-0 என்றே வென்றார்கள். நீங்கள் செப்டம்பர் லெஸ்டரை அமைத்தால் கோல் மழை பார்ப்பீர்கள், இரு பக்கமும். மார்ச் லெஸ்டரை அமைத்தால் கடைசி நிமிடம் வரை நெஞ்சு படபடக்கும். நான் இங்கே எடுத்துக்கொள்வது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான லெஸ்டரை.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2010 டிசம்பர் 1ஆம் தேதி தென்கிழக்காசிய நாடுகளின் சுசுகி கிண்ணத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்ற, பயிற்றுநர் ராஜகோபாலின் மலேசிய அணி, அதே இந்தோனேசியாவை டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வீழ்த்தியது. ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தத்தில் 4-2 என்று கிண்ணத்தை வென்றது. "2010 மலேசிய அணி" என்று ஒருவர் அமைத்தால் அது எந்தத் தேதி அணி என்று முதலில் கேட்க வேண்டும்.

ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: அணி, காலம், அந்தக் காலத்தில் அதிகம் தொடங்கிய பதினொருவர். நமக்கு அது ஷ்மைக்கேல், சிம்ப்சன், மோர்கன், ஹூத், ஃபுக்ஸ், மாஹ்ரெஸ், காண்டே, டிரிங்க்வாட்டர், ஆல்பிரைட்டன், ஒகாசாகி, வார்டி.

3. ஆவணம் சேர்ப்பது

விளையாட்டைத் திறக்காமல் செய்ய வேண்டிய வேலை இது. முக்கால்வாசிப் பேர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

உங்களுக்கு வேண்டியது மூன்று முழு ஆட்டங்கள். கோல் தொகுப்புக் காணொளி வேண்டாம். அதில் தாக்குதல் மட்டும்தான் தெரியும், அணி ஏன் கோல் வாங்கவில்லை என்பது தெரியாது. மூன்றில் ஒன்று பெரிய அணியை வென்றது, ஒன்று பின்வாங்கி நிற்கும் எளிய அணியோடு ஆடியது, ஒன்று தோற்றது. லெஸ்டருக்கு என் தேர்வு: 2016 பிப்ரவரி 6 அன்று மான்செஸ்டர் சிட்டியின் திடலில் 3-1 என்று வென்றது, மார்ச் 14 அன்று நியூகாசலை 1-0 என்று வென்றது, பிப்ரவரி 14 அன்று ஆர்சனலிடம் 1-2 என்று தோற்றது. கடைசி ஆட்டத்தில் சிம்ப்சன் வெளியேற்றப்பட்டார். பத்துப் பேரோடு அணி எப்படிச் சுருங்குகிறது என்பதும் அதில் தெரியும்.

ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார், உங்கள் கண்ணும் பந்தோடு போய்விடும். நீங்கள் பார்க்க வேண்டியது பந்து இல்லாத பத்துப் பேரை. எதிரணிக் கோல்காவலர் பந்தை உதைக்கப் போகும்போது படக்கருவி அகலமாகக் காட்டும். அங்கே நிறுத்தி, யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி வையுங்கள். பிறகு நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்:

எதிரணியை எந்த இடத்தில் நெருக்கத் தொடங்குகிறார்கள்?
பந்தைப் பறித்ததும் முதல் உதை யாரைத் தேடிப் போகிறது?
பந்தை இழந்ததும் துரத்துகிறார்களா, திரும்பி ஓடுகிறார்களா?
பக்கத் தடுப்பாளர்கள் நடுக்கோட்டைத் தாண்டுகிறார்களா?

ஓர் ஆட்டத்தை இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்க்க மூன்று மணி நேரமாவது ஆகும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மூன்று வாரம். அவசரப்பட வேண்டாம், இங்கே செலவிடும் நேரம் பிறகு பல மடங்கு மிச்சமாகும்.

இப்போது ஆடிக்கொண்டிருக்கும் அணியை எடுத்தால் சோஃபாஸ்கோர், ஹூஸ்கோர்டு போன்ற தளங்களில் ஆட்டக்காரர்களின் சராசரி இருப்பிடப் படம் இலவசம். கைப்பேசியிலேயே பார்க்கலாம், டேட்டாவும் அதிகம் தின்னாது. இங்கிலாந்தின் சனிக்கிழமை மாலை 3 மணி ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 11 மணி, கோடையில் 10 மணி. மாமாக் கடையில் பார்க்கலாம். சாம்பியன்ஸ் லீக் விடியற்காலை 3 அல்லது 4 மணிக்கு. காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) போக வேண்டியவர்கள் அதைப் பதிவாகப் பார்ப்பதே நல்லது. சராசரி இருப்பிடப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். வலப்பக்கம் பாதி நேரமும் இடப்பக்கம் பாதி நேரமும் ஓடியவர் அந்தப் படத்தில் நடுவில் நிற்பதுபோலத் தெரிவார்.

4. பந்து இல்லாதபோது நிற்கும் அமைப்பை வரையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். 2024 பதிப்பில் திடல் படத்தில் நீங்கள் ஆட்களை நிறுத்தும் இடம், உங்கள் அணி தடுக்கும்போது நிற்கும் இடம். தாக்கும்போது அவர்கள் எங்கே போவார்கள் என்பதைத் தீர்மானிப்பது, ஒவ்வொருவருக்கும் நீங்கள் கொடுக்கும் பொறுப்பு. தோட்டத்தில் பெரட்டுக்கு நிற்கும் வரிசை வேறு, வேலை தொடங்கியதும் அவரவர் போகும் நிரை வேறு என்பதுபோல.

இதைத் தெரியாமல்தான் பலர் விழுகிறார்கள். 2022-23 மான்செஸ்டர் சிட்டி தாக்கும்போது ஸ்டோன்ஸ் நடுக்களத்துக்கு ஏறி 3-2-4-1 ஆனது. பத்திரிகைப் படத்தைப் பார்த்து அதையே திடலில் வரைந்தால், உங்கள் அணி தடுக்கும்போதும் பின்னால் மூன்று பேரோடு நிற்கும். நிஜ சிட்டி பந்து இல்லாதபோது நான்கு நான்காக இறங்கியது.

2026 பதிப்பில் பந்து இருக்கும்போது ஓர் அமைப்பு, இல்லாதபோது ஓர் அமைப்பு என்று தனித்தனியாக வரையலாம். இந்தச் சிக்கல் அங்கே பெருமளவு தீர்ந்தது. ஆனால் அங்கேயும் பந்து இல்லாத அமைப்பை முதலில் வரையுங்கள் என்றே சொல்வேன்.

லெஸ்டர் எப்படி நின்றது? நால்வர், நால்வர், முன்னால் இருவர். அந்த இருவரில் ஒகாசாகி இறங்கி வந்து எதிரணியின் நடுக்கள ஆட்டக்காரரை மறித்தார். வார்டி முன்னாலேயே, எதிரணிக் கோலுக்கு அருகில் நின்றார். ஆகவே இது 4-4-2க்கும் 4-4-1-1க்கும் நடுவே இருக்கிறது. திடலில் 4-4-2 வரைந்து ஒகாசாகிக்குப் பொறுப்பால் இறக்கம் கொடுப்பது என் வழி. அவரை நடுத் தாக்குதல் இடத்துக்கே இறக்கி வைத்தால் பந்தைப் பறித்த கணத்தில் வார்டி தனித்துப் போகிறார்.

5. பதினொரு பேருக்கும் வேலை

ஆட்டக்காரர் எப்படிப்பட்டவர் என்பதைவிட, அவர் அந்த அணியில் என்ன செய்தார் என்பதை வைத்தே பொறுப்பைக் கொடுங்கள். பொறுப்பின் பெயருக்குப் பின்னால் வரும் டிஃபெண்ட் என்றால் தடுப்பு, சப்போர்ட் என்றால் துணை, அட்டாக் என்றால் தாக்குதல்.

கோல்காவலர்: 'கோல்கீப்பர்', டிஃபெண்ட். 'ஸ்வீப்பர் கீப்பர்' வேண்டாம். ஷ்மைக்கேல் பந்தைப் பிடித்ததும் வேகமாக முன்னே அனுப்புவார், அதற்கு அணிக் கட்டளையில் தனி இடம் இருக்கிறது.

நடுத் தடுப்பாளர் இருவர்: இருவருக்கும் 'சென்ட்ரல் டிஃபெண்டர்', டிஃபெண்ட். மோர்கனும் ஹூத்தும் பந்தோடு முன்னேறுகிறவர்கள் இல்லை. பெட்டிக்குள் நின்று தலையால் முட்டி அகற்றுவதே அவர்கள் வேலை.

பக்கத் தடுப்பாளர்: சிம்ப்சனுக்கு 'ஃபுல் பேக்', டிஃபெண்ட். ஃபுக்சுக்கு 'ஃபுல் பேக்', சப்போர்ட். இருவருக்கும் 'விங் பேக்' (மேலேறித் தாக்கும் பக்கத் தடுப்பாளர்) கொடுத்தால் அது லெஸ்டர் இல்லை. மாஹ்ரெஸ் உள்ளே வெட்டிப் போவதால் வலப்பக்கம் காலியாகும். சிம்ப்சன் பின்னால் நிற்க வேண்டியது அதனால்தான். ஃபுக்ஸ் பந்தைக் கையால் நெடுந்தூரம் எறிவார், எறி பந்துக் கட்டளையில் அதையும் போடுங்கள்.

மாஹ்ரெஸ்: 'இன்வர்ட்டட் விங்கர்', அட்டாக். இடக்கால்காரர், வலப்பக்கம். உங்கள் கிளப்பில் அந்த இடத்தில் வலக்கால்காரரை நிறுத்தினால் அவர் கோட்டோரமாக ஓடி கிராஸ் போடுவார் (பக்கத்திலிருந்து கோல் முன்னே பந்தை அனுப்புவார்), எல்லாம் மாறிவிடும். கால் எது என்று பார்க்காமல் ஆளை நிறுத்தாதீர்கள்.

ஆல்பிரைட்டன்: 'வைடு மிட்ஃபீல்டர்', சப்போர்ட். இவர் பெயரை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. மாஹ்ரெஸ் முன்னே போக முடிந்ததே இவர் மறுபக்கம் ஓடி ஓடித் தடுத்ததால்தான். தனிக் கட்டளையில் 'கிராஸ் மோர் ஆஃபன்' சேருங்கள்.

காண்டே: 'பால் வின்னிங் மிட்ஃபீல்டர்', சப்போர்ட். அந்தப் பருவத்தில் லீகிலேயே அதிகம் பந்தைப் பறித்தவர் அவர், 175 தடவை. ஆனால் இந்தப் பொறுப்பு ஆளை இடம் விட்டுத் துரத்த வைக்கும். காண்டேயின் மூச்சும் வேகமும் இல்லாத ஒருவருக்கு இதைக் கொடுத்தால் நடுக்களம் பிளந்துவிடும். உங்கள் ஆளுக்கு ஸ்டாமினா 14க்குக் கீழே இருந்தால் 'பாக்ஸ் டு பாக்ஸ்' கொடுங்கள்.

டிரிங்க்வாட்டர்: பெரும்பாலான வழிகாட்டிகள் 'டீப் லையிங் பிளேமேக்கர்' என்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிளேமேக்கர் என்று ஒருவரைக் குறித்தால் மற்றவர்கள் அவரைத் தேடிப் பந்தைக் கொடுப்பார்கள், ஓர் உதை வீணாகும், வார்டி ஓடத் தொடங்கிய நேரம் தவறிவிடும். 'சென்ட்ரல் மிட்ஃபீல்டர்', டிஃபெண்ட் கொடுத்து, தனிக் கட்டளையில் நேரான பாசும் துணிச்சலான பாசும் சேருங்கள். காண்டே, டிரிங்க்வாட்டர் இருவரில் மாஹ்ரெஸ் பக்கம் அதிகம் நின்றவர் யார் என்பதை உங்கள் குறிப்பிலிருந்து எடுத்து நிறுத்துங்கள்.

ஒகாசாகி: 'பிரஸ்ஸிங் ஃபார்வர்டு', சப்போர்ட். அந்தப் பருவம் முழுக்க அவர் லீகில் அடித்தது 5 கோல்தான். உங்கள் ஒகாசாகி கோல் அடிக்கவில்லை என்று மாற்றிவிடாதீர்கள். அவரும் பெரும்பாலும் 90 நிமிடம் முடிக்க மாட்டார், 60ஆம் நிமிடத்துக்குப் பிறகு மாற்று ஆளைத் தயாராக வையுங்கள்.

வார்டி: 'அட்வான்ஸ்டு ஃபார்வர்டு', அட்டாக். வேறு கட்டளை எதுவும் வேண்டாம். கட்டளையை அடுக்க அடுக்க அவர் ஓட்டம் குறையும்.

6. அணிக் கட்டளைகள்

இங்கே குறைவாகச் செய்வதே நல்லது. மென்டாலிட்டி (அணியின் மனப்போக்கு): 'காஷியஸ்' (எச்சரிக்கை) அல்லது 'பேலன்ஸ்டு' (நடுநிலை). நான் 'பேலன்ஸ்டு' வைத்துத் தொடங்கி, முன்னிலை பெற்றதும் 'காஷியஸ்' ஆக்குகிறேன்.

பந்து இருக்கும்போது: பாசை நேராக்குங்கள், டெம்போவை (ஆட்ட வேகத்தை) ஏற்றுங்கள், 'பாஸ் இன்டூ ஸ்பேஸ்' போடுங்கள். பந்து கை மாறும்போது: பறித்தால் 'கவுண்டர்' (உடனே எதிர்த்தாக்குவது), இழந்தால் 'ரீகுரூப்' (திரும்பி ஓடி வரிசையில் நிற்பது). நிறையப் பேர் இங்கே 'கவுண்டர் பிரஸ்' (இழந்த பந்தை உடனே துரத்துவது) போடுகிறார்கள், அது பயிற்றுநர் கிளாப் காலத்து லிவர்பூலுக்கு உரியது. பந்து இல்லாதபோது: 'மிட் பிளாக்', டிஃபென்சிவ் லைன் 'ஸ்டாண்டர்ட்', 'இன்வைட் கிராசஸ்'. நெருக்கமாக நடுவில் நின்று, கிராஸ் வரட்டும் என்று விட்டு, ஹூத்தும் மோர்கனும் தலையால் அகற்றுவதே திட்டம்.

முன்வரிசை நெருக்கும் கோட்டை மேலே ஏற்றிவிட்டுப் பின்வரிசையை மட்டும் கீழே இறக்காதீர்கள். நடுவே பெரிய இடைவெளி விழும், எதிரணியின் பத்தாம் எண் ஆள் (தாக்குதல் நடுக்கள ஆட்டக்காரர்) அங்கே நின்று ஆடிவிடுவார். ஏற்றினால் இரண்டையும் ஏற்றுங்கள், இறக்கினால் இரண்டையும் இறக்குங்கள்.

7. ஆள் சேர்ப்பது

பெயரைத் தேடாதீர்கள், எண்ணைத் தேடுங்கள். ஆட்டக்காரர் திறன் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண் உண்டு. வார்டி இடத்துக்கு: பேஸ் (ஓட்ட வேகம்), ஆக்சலரேஷன் (கிளம்பும் வேகம்), ஆஃப் தி பால் (பந்து இல்லாதபோது நகர்வு), ஆன்டிசிபேஷன் (முன்கணிப்பு). காண்டே இடத்துக்கு: ஸ்டாமினா (தாங்கும் திறன்), வொர்க் ரேட் (உழைப்பு), டேக்ளிங் (பந்தைப் பறித்தல்), ஆன்டிசிபேஷன். நடுத் தடுப்பாளர்: ஜம்பிங் ரீச் (குதிக்கும் உயரம்), ஹெடிங் (தலையால் முட்டுதல்), பொசிஷனிங் (நிற்கும் இடம்), பிரேவரி (துணிச்சல்). ஆல்பிரைட்டன் இடத்துக்கு: கிராசிங், வொர்க் ரேட், டீம்வொர்க்.

முழு லீகின் சராசரியோடு ஒப்பிடுங்கள். மலேசிய சூப்பர் லீகில் ஒரு கிளப்பை எடுத்தால் பேஸ் 14 உள்ளவரே பறப்பார். இங்கிலாந்தின் மேல் பிரிவில் அதே 14 சாதாரணம்.

காசு குறைவாக இருந்தால் முதலில் வார்டி, அடுத்து காண்டே, பிறகு நடுத் தடுப்பாளர். மாஹ்ரெஸ் கடைசி. கோலாகலமான பக்கத் தாக்குதலாளருக்குப் பணம் முழுவதையும் கொட்டிவிட்டு, நடுவில் ஓடுவதற்கு ஆள் இல்லாமல் நிற்கும் கிளப்பை நிறையப் பார்த்திருக்கிறேன். லெஸ்டரே மாஹ்ரெசையும் வார்டியையும் பெரிய கிளப்பிலிருந்து வாங்கவில்லை. கீழ்ப் பிரிவுகளைத் தேடுங்கள்.

8. பழகக் காலம் கொடுங்கள்

புது அமைப்பு போட்டதும் 'டாக்டிக்கல் ஃபமிலியாரிட்டி' (அமைப்போடு அணிக்கு உள்ள பழக்கம்) என்ற பட்டை பாதிகூட நிறைந்திருக்காது. பட்டை நிறையாமல் ஆட்டத்தைத் தீர்ப்பிட முடியாது. ஜூலையில், பருவத்துக்கு முந்தைய பயிற்சிக் காலத்தில் தொடங்குவதே சரி. நட்பு ஆட்டங்களைக் குறைந்தது ஆறு வையுங்கள், முதல் மூன்றும் உங்களைவிட எளிய அணிகளோடு. பயிற்சி அட்டவணையில் அணி ஒருங்கிணைப்பு, தடுப்பு அமைப்பு, ஆட்டப் பயிற்சி மூன்றையும் சேருங்கள்.

விளையாட்டு மூன்று அமைப்புகளை வைத்துக்கொள்ள விடும். மூன்றிலும் வெவ்வேறு ஃபார்மேஷனைப் போட்டால் பயிற்சி மூன்றாகப் பிரியும். முதல் பருவத்தில் ஒன்றே போதும்.

அந்தப் பருவம் லெஸ்டருக்கு ஐரோப்பிய ஆட்டங்கள் கிடையாது, உள்நாட்டுக் கிண்ணங்களிலிருந்தும் சீக்கிரம் வெளியேறினார்கள். பெரும்பாலான வாரங்களில் ஓர் ஆட்டம்தான். ரனியேரி பதினொருவரை அதிகம் மாற்றாமல் இருக்க முடிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும் கிளப்பை எடுத்திருந்தால் காண்டே இடத்துக்கும் ஒகாசாகி இடத்துக்கும் இரண்டிரண்டு பேர் கட்டாயம்.

9. சரிபார்ப்பது

முதல் சில ஆட்டங்களை முழு நீளத்தில் பாருங்கள், குறைந்தது முதல் 15 நிமிடமாவது. ஆட்டம் முடிந்ததும் சராசரி இருப்பிடப் படத்தைத் திறந்து உங்கள் தாளில் வைத்த புள்ளிகளோடு ஒப்பிடுங்கள். கோல் எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம்.

பந்து உங்களிடம் இருந்த நேரம் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். நிஜ லெஸ்டர் அப்படித்தான். உங்கள் அணி 55 விழுக்காடு காட்டினால், வென்றிருந்தாலும் அது லெஸ்டர் இல்லை, டெம்போவையோ பாசையோ சரிபாருங்கள். வார்டி ஆஃப்சைடிலேயே மாட்டினால் கட்டளையில் கைவைக்காமல் வேறு ஆளைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஆன்டிசிபேஷன் குறைவுதான் காரணம். வலப்பக்கமாகக் கோல் வாங்கினால் மாஹ்ரெசை அட்டாக்கிலிருந்து சப்போர்ட்டுக்கு மாற்றுங்கள். நடுவில் வாங்கினால் காண்டே இடம் விட்டு ஓடுகிறார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மூன்று ஆட்டம் பாருங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நீங்கள் வெல்லத் தொடங்கியதும் எதிரணிகள் பின்வாங்கி நிற்பார்கள். வார்டி ஓட இடம் இருக்காது. நிஜத்திலும் அடுத்த பருவம் லெஸ்டர் தடுமாறியது. 2016 ஜூலையில் காண்டே செல்சிக்குப் போனார், 2017 பிப்ரவரியில் ரனியேரி நீக்கப்பட்டார். ஆகவே இரண்டாம் பருவத்துக்கு அதே 4-4-2இல் இன்னொரு அமைப்பைத் தயார்படுத்துங்கள்: ஒகாசாகி இடத்தில் உயரமான ஆள், ஃபுக்ஸ் இடத்தில் 'விங் பேக்', மென்டாலிட்டி 'பாசிட்டிவ்'. ரனியேரியும் உயரமான தாக்குதலாளர் உயோவாவை இறக்கியதுண்டு.

10. சேமிப்பு

அமைப்பு முடிந்ததும் அதைத் தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். டாக்குமெண்ட்ஸ், ஸ்போர்ட்ஸ் இண்டராக்டிவ், ஃபுட்பால் மேனேஜர் 2024, டாக்டிக்ஸ் என்ற வரிசையில் உள்ள கோப்புறையில் அது விழும். சிறிய கோப்புதான், வாட்சாப்பில் நண்பருக்கு அனுப்பலாம். பெறுகிறவர் அதே கோப்புறையில் போட்டு உள்ளிருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். 2026 பதிப்புக்கு மாறுகிறவர்கள் இந்தக் கோப்பை நம்பாமல், தாளில் எழுதிய குறிப்பிலிருந்து இரண்டு அமைப்பையும் புதிதாக வரையுங்கள்.

கோப்புப் பெயரில் அணி, காலம், பதிப்பு மூன்றும் இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் பெயரில் சேமியுங்கள், பழையதை அழிக்காதீர்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் மின்சாரம் போகும் தோட்டமாக இருந்தால், விளையாட்டின் தானியங்கிச் சேமிப்பை விளையாட்டு நாட்காட்டியில் வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துவிட்டு ஆடத் தொடங்குங்கள்.